நாவல்ல டாக்டர் செஞ்ச ஆபரேஷன் சினிமாவுல எங்க போச்சு? ('பேட்டன் பிளேஸ்' இழை)

ஏரிக்கரை:

வணக்கம் எல்லாருக்கும். ரெண்டு வாரமா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு, இங்க கொட்டினாதான் தூக்கம் வரும். கிரேஸ் மெட்டாலியஸ் எழுதின 'பேட்டன் பிளேஸ்' படிச்சு முடிச்சேன். 1956 செப்டம்பர்ல வந்த அமெரிக்க நாவல், வந்த பத்து நாள்ல 60,000 பிரதி வித்துச்சு, நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் பட்டியல்ல 59 வாரம் இருந்துச்சு. முடிச்ச கையோட 1957ல ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் எடுத்த படத்தையும் பாத்துட்டேன். புத்தகம் என்னை உலுக்கிடுச்சு. படம் பாத்து கோவம்தான் வந்துச்சு.

கதை தெரியாதவங்களுக்காக சொல்றேன். நியூ இங்கிலாந்து பக்கம் ஒரு சின்ன ஊர், சர்ச், மில்லு, பெரிய மனுஷங்க எல்லாம் உண்டு. ஊர் ஓரத்துல தார்ஷீட் அடிச்ச குடிசைல செலீனா கிராஸ்னு ஒரு பொண்ணு. அம்மாவோட ரெண்டாவது புருஷன் லூகஸ் அவளை வருஷக்கணக்கா நாசம் பண்றான், அவ கர்ப்பமாயிடுறா. ஊர் டாக்டர் மேத்யூ ஸ்வெய்ன்கிட்ட போய் நிக்கிறா. அப்போ அங்க கருக்கலைப்பு சட்டப்படி குற்றம், வெளிய தெரிஞ்சா டாக்டரோட பொழப்பே போயிடும். அவர் தனக்குள்ளயே மல்லுக்கு நிக்கிற பக்கங்கள் இருக்கே, அதை நான் மூணு தடவை படிச்சேன். உயிரைக் காப்பாத்தறதுதான் என் தொழில்னு வாழ்ந்த மனுஷன், இந்தப் பொண்ணு இப்படியே போனா அவ வாழ்க்கை அதோட முடிஞ்சுதுன்னும் தெரியுது, ரெண்டு பக்கமும் இழுபட்டு கடைசில தான் தோத்துட்டதா தானே ஒத்துக்கிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போறார். ரெக்கார்டுல அப்பெண்டிக்ஸ்னு எழுதறார். அப்புறம் லூகஸ்கிட்ட எழுதி வாங்கிட்டு ஊரை விட்டே விரட்டறார்.

படத்துல என்ன ஆச்சு தெரியுமா? லூகஸ் துரத்துறான், செலீனா காட்டுக்குள்ள ஓடுறா, கீழ விழுறா, கரு தானா கலைஞ்சுடுது. டாக்டர் அதை மறைச்சு வெக்கறார், அவ்ளோதான். ஒரு மனுஷன் நெஞ்சு வெடிக்க எடுத்த முடிவைப் பிடுங்கி கால் தடுக்கினதுகிட்ட குடுத்துட்டாங்க. அமெரிக்க உச்சநீதிமன்றம் கருக்கலைப்பை உரிமைன்னு சொன்னது 1973லதான், 2022ல அதையும் திருப்பி எடுத்துக்கிச்சு. 1956லயே ஒரு 32 வயசு அம்மா, மூணு புள்ளைங்களை வெச்சுக்கிட்டு, இதை எழுதியிருக்காங்க. எனக்கு இந்த புத்தகத்தோட உயிர்நாடியே அந்த ஆபரேஷன்தான். மத்தவங்க என்ன நினைக்கிறீங்க?

செல்லுலாய்டு:

ஏரிக்கரை, உங்க கோவம் புரியுது ஆனா 1957ல உக்காந்து யோசிங்க. ஹாலிவுட்ல ப்ரொடக்‌ஷன் கோடுன்னு ஒண்ணு இருந்துச்சு, படத்துல எதைக் காட்டலாம் எதைக் கூடாதுன்னு ஸ்டுடியோக்களே வெச்சுக்கிட்ட விதி, 1956 டிசம்பர்ல அதைக் கொஞ்சம் தளர்த்தினாங்க, அதுக்கு அப்புறமும் கருக்கலைப்பை கோடி காட்டலாமே தவிர அதை சரின்னு காட்டவே கூடாது. ஒரு நல்ல டாக்டர், ஊரே மதிக்கிறவர், அவரே அதைச் செஞ்சார்னு காட்டினா படம் தியேட்டருக்கே வந்திருக்காது. திரைக்கதை எழுதின ஜான் மைக்கேல் ஹேஸ் சும்மா ஆள் இல்ல, ஹிட்ச்காக்குக்கு 'ரியர் விண்டோ' எழுதினவர். கோடுக்குள்ள எவ்ளோ கொண்டு வர முடியுமோ அவ்ளோ கொண்டு வந்தார்னுதான் நான் சொல்வேன். பலாத்காரத்தை எடுக்கலையே! லூகஸா நடிச்ச ஆர்தர் கென்னடி அந்த குடிசைக்குள்ள நுழையறப்ப செலீனாவா நடிச்ச ஹோப் லாங்கோட கண்ணைப் பாருங்க, அந்தக் காலத்து படத்துல அது சாதாரண விஷயம் இல்ல. 9 ஆஸ்கர் நாமினேஷன், அதுல 5 நடிப்புக்கு, ஒண்ணு கூட கிடைக்கல, அது தனி வருத்தம். மெய்ன் மாநிலத்துல கேம்டன்ங்கற ஊர்ல எடுத்தாங்க, சினிமாஸ்கோப்ல அந்த இலையுதிர்கால கலரும் ஃப்ரான்ஸ் வாக்ஸ்மேன் மியூசிக்கும், நான் இப்பவும் அதுக்காகவே போட்டுப் பாப்பேன்.

நீலப்பேனா:

பிள்ளைங்களா, நான் இதை 1971ல காலேஜ் ஹாஸ்டல்ல படிச்சவ. ப்ரவுன் பேப்பர் அட்டை போட்டு மேல கெமிஸ்ட்ரின்னு எழுதி வெச்சிருந்தோம், நாலு ரூம் சுத்தி என் கைக்கு வர்றப்ப நடுவுல ஒரு கட்டு பக்கம் கழண்டு தனியா கிடந்துச்சு, அதை ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருந்தாங்க. வார்டன் அம்மா ஒரு நாள் பிடிச்சுட்டாங்க, புத்தகம் போச்சு, எங்க நாலு பேர் வீட்டுக்கும் லெட்டர் போச்சு (காலேஜ் பேர் வேண்டாம்). எங்கப்பா என்கிட்ட ரெண்டு மாசம் பேசல. ஏன் சொல்றேன்னா, நாங்க அதுல தேடினது எல்லாரும் நினைச்ச அந்த விஷயத்தை இல்ல. ஒரு பொண்ணுக்கு வீட்டுக்குள்ளயே இப்படி நடக்கும், அதை வெளிய சொல்லலாம், சொன்னா ஒருத்தர் நம்புவார்ங்கறது அதுல இருந்துச்சு. எங்க ரூம்ல ஒருத்தி செலீனா பகுதியைப் படிச்சுட்டு ராத்திரி பூரா அழுதா. ஏன்னு நாங்க கேக்கல, அவளும் சொல்லல. இன்னிக்கு நினைச்சா கேட்டிருக்கணும்னு இருக்கு.

கிரேஸைப் பத்தி கொஞ்சம். பிரெஞ்சு கனடியக் குடும்பம், நியூ ஹாம்ப்ஷயர்ல மான்செஸ்டர்ங்கற மில் ஊர்ல பொறந்தவங்க, 18 வயசுல கல்யாணம், புருஷன் வாத்தியார். கில்மன்டன்ங்கற கிராமத்துல ஒரு ஓட்டை வீட்டுல இருந்தாங்க, வீட்டுக்கு 'இட்ல் டூ'ன்னு பேர், 'இது போதும்'னு அர்த்தம். பிரபலமான ஒரு ஃபோட்டோ இருக்கு, தேடிப் பாருங்க. டைப்ரைட்டர் முன்னாடி கட்டம் போட்ட சட்டை, ஜீன்ஸ், கான்வாஸ் ஷூ, முடியை இழுத்து குதிரைவால், கையை முகத்துகிட்ட வெச்சு யோசிச்சுக்கிட்டு இருப்பாங்க. அந்தக் காலத்துல லேடி ரைட்டர்னா முத்துமாலை போட்டுக்கிட்டுதான் அட்டைல வருவாங்க. இந்தப் ஃபோட்டோவைப் பாத்தே பாதி அமெரிக்கா முகம் சுளிச்சுது.

மில்லுக்காரர்_மகன்:

எல்லாரும் செலீனாவையே பேசறீங்க, நான் பெட்டி ஆண்டர்சனைப் பத்தி பேச வந்தேன். என் அப்பா ஸ்பின்னிங் மில்லுல 31 வருஷம், அதனாலயோ என்னவோ எனக்கு அந்தக் காட்சிதான் முதுகெலும்புல ஏறுச்சு. மில் முதலாளி லெஸ்லி ஹாரிங்டன், அவரோட பையன் ராட்னி, அவனால மில் தொழிலாளி மக பெட்டி கர்ப்பமாறா. பெட்டியோட அப்பா போய் நிக்கிறார், முதலாளி 500 டாலருக்கு செக் எழுதிக் குடுத்து அனுப்பிடறார். பெட்டி கோவத்துல அவளே ஆஃபீஸுக்குப் போறா. அவர் அந்த செக்கை வாங்கிட்டு பாதியா 250க்கு எழுதறார், திரும்ப வந்தா அதுலயும் பாதின்னு சொல்றார். அவ்ளோதான் காட்சி, கத்தல் இல்ல, அடிதடி இல்ல. ஒரு பொண்ணு வாயைத் திறக்கத் திறக்க அவளோட விலை குறையுதுன்னு அந்த ஒரு செக் புக்குல காட்டிட்டாங்க அந்த அம்மா.

இப்ப படத்துக்கு வாங்க. படத்துல ராட்னி பெட்டியைக் கல்யாணமே பண்ணிக்கிறான்! ரெண்டாம் உலகப் போருக்குப் போய் சாகறான், அப்புறம் முதலாளி மனசு கரைஞ்சு மருமகளை ஏத்துக்கறார். நாவல்ல அந்தப் பையன் வேற ஒரு பொண்ணோட கார்ல போறப்ப ஆக்ஸிடென்ட்ல சாகறான், பெட்டிக்கு ஒண்ணும் கிடைக்கல. செல்லுலாய்டு சார், கருக்கலைப்புக்கு கோடு தடுத்துச்சு சரி, முதலாளி கெட்டவனா இருக்கக் கூடாதுன்னு எந்தக் கோடு சொல்லுச்சு?

அதோட ஊர் பேரே எங்கிருந்து வந்துச்சுன்னு நாவல் சொல்லும். சாமுவேல் பேட்டன்னு அடிமையா இருந்து தப்பிச்ச கறுப்பினத்தவர், பிரான்ஸ்ல காசு சேத்து, வெள்ளைக்கார மனைவியோட வந்து மலை மேல கோட்டை கட்டினவர். அவர் பேரை வெச்சுக்கிட்டு இருக்கோம்னு ஊர்க்காரங்களுக்கு வெக்கம். படத்துல கோட்டையும் இல்ல, அவரும் இல்ல.

செல்லுலாய்டு:

மில்லுக்காரர் மகன், இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. செக் காட்சி போனது எனக்கும் உறுத்துது. தயாரிப்பாளர் ஜெர்ரி வால்டுக்கு குடும்பத்தோட வந்து பாக்கற படம் வேணும், அதான் எல்லா முள்ளையும் எடுத்துட்டாங்க. ஒத்துக்கறேன்.

சுண்டெலி:

ஒரு சந்தேகம், இந்த புத்தகம் இப்ப கிடைக்குதா? அப்புறம் தடை பண்ணாங்கன்னு சொல்றாங்களே எங்க?

ஏரிக்கரை:

கிடைக்குது சுண்டெலி, 1999ல ஒரு பல்கலைக்கழக பதிப்பகம் திரும்பப் போட்டாங்க, ஆர்டிஸ் கேமரன் முன்னுரையோட, அதைத்தான் வாங்குங்க. அதுவரைக்கும் பல வருஷம் அச்சுலயே இல்ல, எவ்ளோ லட்சம் பேர் படிச்ச புத்தகம்! தடைன்னா கனடாவுல 1958 வரைக்கும் உள்ள விடல. மாசசூசெட்ஸ்ல பெவர்லிங்கற ஊர் நூலகத்துல போர்டே வெச்சாங்க, இங்க பேட்டன் பிளேஸ் கிடையாது, வேணும்னா சேலத்துக்குப் போங்கன்னு (நம்ம சேலம் இல்ல, அங்க பக்கத்துல ஒரு சேலம்). கிரேஸ் பொறந்த ஊர் பத்திரிகையே அசிங்கம்னு தலையங்கம் எழுதுச்சு.

நான் ஒரு விஷயம் சொல்லணும், முதல் போஸ்ட்ல சொல்லாம விட்டது தப்பு. இந்த நாவல்ல எனக்கு ஜீரணமே ஆகாத இடம் ஒண்ணு இருக்கு. கான்ஸ்டன்ஸ் மெக்கன்ஸி, செலீனாவோட தோழி ஆலிசனோட அம்மா, நியூயார்க்ல கல்யாணமான ஒருத்தரோட வாழ்ந்து பெத்த குழந்தைய, பர்த் சர்டிஃபிகேட்ல ஒரு வயசைக் குறைச்சு மாத்தி ஊருக்குள்ள விதவைன்னு சொல்லிக்கிட்டு வாழறவங்க. புதுசா வந்த ஸ்கூல் பிரின்சிபால் ஒரு ராத்திரி அவங்களை அவங்க வீட்டுலயே அடிச்சு பலவந்தம் பண்றார், அதுக்கப்புறம் அதுவே காதல்ங்கற மாதிரி கதை போகுது. லூகஸ் செஞ்சா குற்றம், அழகான படிச்ச ஆம்பள செஞ்சா விடுதலையா? செலீனாவுக்காக அவ்ளோ தெளிவா எழுதின அதே கைதான் இதையும் எழுதுச்சு. நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டு ரெண்டு நாள் தொடல.

நீலப்பேனா:

ஏரிக்கரை கண்ணு, நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி. 1971ல எங்க யாருக்கும் அது தப்பாவே படல, அதைத்தான் இப்ப யோசிக்கறப்ப பயமா இருக்கு. வேலியை உடைச்சுட்டு வந்த பொம்பளைக்கும் சேலைல பாதி அந்த வேலிலயே மாட்டியிருக்கு. படத்துல இந்தக் காட்சி இல்ல, பிரின்சிபால் நல்ல மனுஷன். ஆனா படம் அதை மனசாட்சியால எடுக்கல, கான்ஸ்டன்ஸா நடிச்ச லானா டர்னரை அப்படிக் காட்ட முடியாதுன்னுதான் எடுத்திருப்பாங்கன்னு எனக்குத் தோணுது.

இன்னொண்ணு, இது முக்கியம். கிரேஸ் எழுதின கையெழுத்துப் பிரதில லூகஸ் செலீனாவோட பெத்த அப்பன். நாவல்ல செலீனா லூகஸைக் கொன்னு புதைப்பாளே, கில்மன்டன் ஊர்லயே 1947ல அதே மாதிரி ஒரு பொண்ணு அப்பனைக் கொன்னு ஆட்டுப்பட்டில புதைச்ச கேஸ் நடந்துச்சு, அதுல இருந்துதான் கதையே பொறந்துச்சு. அப்பன்னு போட்டா யாரும் தாங்க மாட்டாங்கன்னு பதிப்பாளர் கிட்டி மெஸ்னர் மாத்த வெச்சாங்க, அவங்களும் ஒரு பொம்பளைதான், துணிஞ்சு இந்த புத்தகத்தை எடுத்தவங்களும் அவங்கதான். கிரேஸுக்கு கடைசி வரைக்கும் அந்த வருத்தம் போகல. ஆக அப்பன் முதல்ல அம்மாவோட புருஷனா ஆனான், அப்புறம் ஆபரேஷன் கால் தடுக்கினதா ஆச்சு, செக் கல்யாணமா ஆச்சு. கை மாற மாற உண்மை கழுவிக்கிட்டே போச்சு, ஆனா 'அசிங்கமான புத்தகம் எழுதினவ'ங்கற பேர் மட்டும் கிரேஸ் மேல இருந்து யாரும் கழுவல.

செல்லுலாய்டு:

அக்கா சொன்னதைப் படிச்சதும் இன்னொரு புத்தகம் ஞாபகம் வருது, கேத்லீன் வின்சரோட 'ஃபாரெவர் ஆம்பர்', 1944. பதினேழாம் நூற்றாண்டு லண்டன், ரெண்டாம் சார்லஸ் ராஜா காலம், கிராமத்துல இருந்து வந்த ஆம்பர் ஒவ்வொரு ஆம்பளையா ஏணிப்படி மாதிரி மிதிச்சு மேல போறா, நடுவுல பிளேக்ல காதலன் சாகக் கிடக்கறப்ப சீழைக் கையால துடைச்சு அவனைக் காப்பாத்தறா. 900 பக்கத்துக்கு மேல. வின்சர் அந்தக் காலத்தைப் பத்தி 300 புத்தகத்துக்கு மேல படிச்சுட்டு எழுதினாங்க, ஆனா மாசசூசெட்ஸ் அட்டர்னி ஜெனரல் அதைப் படிச்சு எண்ணினது வேற: 70 உடலுறவு, 39 கள்ளக் கர்ப்பம், 7 கருக்கலைப்பு, ஆம்பள முன்னாடி பொம்பள துணி மாத்தற இடம் 10. உக்காந்து எண்ணியிருக்கார்! 14 மாநிலத்துல தடை, அப்புறம் 1948ல அந்த மாநில உச்ச நீதிமன்றமே விடுவிச்சுது. பிளேக் நடுவுல ஒரு பொண்ணு காட்டற தைரியத்துக்கு அந்தப் பட்டியல்ல ஒரு வரி கூட கிடையாது.

படம் 1947, இதுவும் ஃபாக்ஸ்தான், ஆட்டோ ப்ரெமிங்கர் டைரக்‌ஷன், லிண்டா டார்னெல். படங்களைக் கண்காணிச்ச கத்தோலிக்க அமைப்பு லீஜன் ஆஃப் டீசன்சி கண்டனம் பண்ணிச்சு, ஃபாக்ஸ் வெட்டினாங்க, முன்னாடி ஒரு உபதேச வாசகத்தை ஒட்டினாங்க. நாவல் கடைசில ஆம்பர் ஏமாந்தாலும் சந்தோஷமா கப்பல் ஏறுவா, அடங்க மாட்டா. படத்துல பெத்த பையனையும் அப்பாகிட்ட விட்டுட்டு ஜன்னல்கிட்ட தனியா நிப்பா. தண்டனை வேணும்னு முடிவு பண்ணிட்டாங்க. சரி ஏரிக்கரை, நீங்க சொன்ன பக்கம்தான் நானும் இப்ப சாயறேன் போல.

கடற்காகம்:

புதுச்சேரில இருந்து எழுதறேன், பிரெஞ்சு டீச்சர். சாகானை விட்டுட்டீங்களே! பிரான்சுவாஸ் சாகான் 'போன்ழூர் த்ரிஸ்தெஸ்' 1954ல வந்தப்ப 18 வயசு. அதுல கொலை இல்ல, பலாத்காரம் இல்ல. 17 வயசு செசில் ஒரு பையனோட படுக்கறா, கர்ப்பமாகல, யாரும் தண்டிக்கல, அவளுக்கு அதுல குற்ற உணர்வே இல்ல. அவ்ளோதான் ஸ்கேண்டல். குற்ற உணர்வு வர்றது வேற இடத்துல, அப்பாவைக் கட்டிக்க வந்த ஆன் மேல பொறாமைப்பட்டு இவ பின்னின வலைல ஆன் கார்ல போய் சாகறாளே, அங்கதான். நாவலாசிரியர் மோரியாக் ஃபிகாரோ பத்திரிகைல முதல் பக்கத்துல எழுதினார், 'வசீகரமான குட்டிப் பிசாசு'ன்னு. நான் வருஷா வருஷம் கிளாஸ்ல பொண்ணுங்களோட இதைப் படிக்கறேன், ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தி 'மேடம், இவளுக்கு ஒண்ணுமே ஆகலையே'ன்னு கேப்பா, கேக்கறப்ப அந்தக் குரல்ல பாதி கோவம் பாதி ஆசை இருக்கும்.

ப்ரெமிங்கர் இதையும் 1958ல எடுத்தார், ஜீன் சீபர்க். ஆனா இங்க அவர் கெடுக்கல. நடப்பு காலம் பாரிஸ், கறுப்பு வெள்ளைல. ஞாபகத்துல வர்ற கடற்கரை மட்டும் கலர்ல. குற்றத்துக்கு முன்னாடி உலகத்துக்கு நிறம் இருந்துச்சுன்னு நாவலோட முதல் பாராவுல வர்ற அந்தத் துக்கத்தை அவர் ஃபிலிம்லயே செஞ்சுட்டார். அதனால எல்லா படமும் புத்தகத்தைக் கழுவிடுச்சுன்னு சொல்லாதீங்க.

மில்லுக்காரர்_மகன்:

மேடம், சாகான் கதைல வர்ற பொண்ணு ரிவியரா கடற்கரைல வில்லா எடுத்து லீவுக்குப் போறவ. தப்பு பண்ணினா அவளுக்கு ஒண்ணும் ஆகாது, ஏன்னா காசு இருக்கு. பெட்டி ஆண்டர்சனுக்கு எல்லாம் ஆகும். ரெண்டையும் ஒரே தட்டுல வெக்க எனக்கு மனசு வரல. படம் நல்லாருக்கும், பாக்கறேன்.

கடற்காகம்:

அதை நான் மறுக்கல. அடுத்த வருஷம் கிளாஸ்ல இதையே கேள்வியா வெக்கறேன், உங்களுக்கு நன்றி.

செல்லுலாய்டு:

மறந்துட்டேன், 'பேட்டன் பிளேஸ்' எடுத்த அதே டைரக்டர் மார்க் ராப்சன்தான் 1967ல ஜாக்குலின் சூசனோட 'வேலி ஆஃப் தி டால்ஸ்' எடுத்தார். நாவல் 1966, 28 வாரம் முதலிடம். டால்ஸ்னா மாத்திரை, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் போட்டுக்கறது. அதுல ஜெனிஃபர்னு ஒரு கேரக்டர், அழகுதான் அவளோட மூலதனம், மார்பகப் புற்றுநோய் வரும். சூசனுக்கே 1962ல அந்த நோய்க்கு ஆபரேஷன் ஆச்சு, வெளிய யார்கிட்டயும் சொல்லல, அதை மனசுல வெச்சுக்கிட்டுதான் எழுதினாங்க. தெரிஞ்சுட்டு அந்தப் பகுதியைப் படிச்சா கை நடுங்குது. படத்தை சூசனுக்குப் பிடிக்கவே இல்ல. எனக்கும்தான்.

நீலப்பேனா:

படம் வந்து கிரேஸுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லிட்டு நான் படுக்கப் போறேன். புருஷனுக்கு புத்தகம் வர்றதுக்கு முன்னாடியே ஸ்கூல் வேலை போச்சு, ஊர் முகம் குடுக்கல. காசு வந்துச்சு, வந்த வேகத்துல போச்சு, குடிப்பழக்கம் பிடிச்சுக்கிச்சு. 1964 பிப்ரவரி 25ஆம் தேதி கல்லீரல் கெட்டு இறந்துட்டாங்க, 39 வயசு. மிஞ்சினது கடன்தான். அதே வருஷம் செப்டம்பர்ல டிவியில 'பேட்டன் பிளேஸ்' தொடர் ஆரம்பிச்சுது, மியா ஃபாரோ நடிச்சது, 1969 வரைக்கும் ஓடுச்சு. தன் உடம்பை மெடிக்கல் காலேஜுக்குக் குடுக்கணும்னு எழுதி வெச்சிருந்தாங்க, அதுவும் நடக்கல. எந்த ஊர் அவங்களை வேண்டாம்னு சொல்லுச்சோ அந்த கில்மன்டன்லயேதான் புதைச்சிருக்காங்க.

ஏரிக்கரை:

அக்கா, உங்க ஹாஸ்டல் தோழி இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா?

நீலப்பேனா:

தெரியும்மா. பெங்களூர்ல இருக்கா, பேரன் எடுத்துட்டா. இந்த இழையை அவளுக்கு அனுப்பலாமான்னு சாயங்காலத்துல இருந்து ஃபோனை கைல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

சுண்டெலி:

நான் ஆர்டர் போட்டுட்டேன். வியாழக்கிழமை வரும்.